கொதிக்கக் கொதிக்க ஒரு மரியாதை

பேன்ட்ரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் முதலில் கூப்பிட்டார்கள். இந்த மீனாக்கா பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு தாமதமாகும் என்று யாரோ எச்சரித்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் வசதி. எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

தட்டை எந்தப் பக்கம் வைப்பது, கப்பின் காது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லிக் கொடுப்பார். அவருக்கும் ஏதாவது வேலை வேண்டாமா? நான் சொல்லப்போவது இந்த ஓட்டலில் நான் திருடிய கதை. முகத்தைச் சுளிக்காதீர்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கைப்பிடி. மற்றபடி நான் யோக்கியம்தான். சாயங்காலம் மிச்சமாகும் பணியாரம் திருட்டில் சேராது. அதை யாராவது சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

போன தை மாதம் நான் ஓய்வு பெற்றேன். இது நடந்தது அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால். அப்போது சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் நாளுக்கு ஒரு புது யோசனை வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முற்றத்தில் யோகா என்றார், மழை வந்தது. சமையல் வகுப்பு என்றார், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மிளகாயைத் தொட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். மூன்றாவதாக அவருக்கு வந்ததுதான் இந்தத் தேயிலை யோசனை.

சீனாவில் ஒரு வகைப் பச்சைத் தேயிலை உண்டு. இலையைச் சுருட்டிச் சுருட்டி, மிளகு மாதிரி உருண்டையாக்கி உலர்த்திவிடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கன்பவுடர் என்று பெயர், துப்பாக்கிக்குள் போடும் மருந்து என்று அர்த்தம். அதில் தினமும் குடிக்கிற சாதா ரகமும் இருக்கிறது, விசேஷத்துக்கு எடுக்கிற உசத்தி ரகமும் இருக்கிறது. நேமத்தான்பட்டியில் பழைய செட்டிநாட்டு வீடுகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுக் களைத்து வரும் விருந்தாளிகளை மாடியில் உட்கார வைத்து, இரண்டு ரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்து, எது எது என்று ருசித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதுதான் யோசனை. இதற்கு ஏன் சீனா வரை போக வேண்டும், நம்ம கடைத்தெருவில் சாதா டீயும் ஸ்பெஷல் டீயும் கிடைக்கிறதே என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பார்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பெட்டியின் மேல் கன்பவுடர் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நம் வாட்ச்மேன் கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார். ஸ்டோர் பொறுப்பு சிக்கந்தர் பாயுடையது. அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அதனால் நான் போய் வாட்ச்மேனைச் சமாதானம் செய்து, கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கினேன்.

வாங்கினால் பிரிக்காமல் இருக்க முடியுமா? பிரித்தேன். சாதா ரகம் ஒரு பெரிய காகிதப் பையில் இருந்தது. ஒரு தட்டில் கொஞ்சம் கொட்டினேன். பெரிசும் சிறிசுமாக உருண்டைகள், மங்கலான நிறம், அடியில் தூசி, மூக்கருகே கொண்டுபோனால் லேசாகப் புகை வாசம். உசத்தி ரகம் ஒரு சின்ன டின்னில் இருந்தது. டின் மேல் மலையும் மேகமும் வரைந்திருந்தார்கள். உள்ளே இருந்த உருண்டைகள் எல்லாம் ஒரே அளவு, மிளகைவிடப் பொடிசு, இறுக்கம், மினுமினுப்பு. தட்டில் விழும்போது மணி உதிர்கிற மாதிரி சத்தம் வந்தது.

எனக்கு உடனே மேனேஜர் ஏமாந்துவிட்டார் என்று தோன்றியது. நான் ஒக்கூர்ப் பக்கத்துக்காரி. வீட்டில் விவசாயம். மிளகில் பெருவெட்டுதான் முதல் தரம், பொடிசைச் சலித்துத் தள்ளுபடி விலைக்குத் தருவார்கள். கடலையில் அப்படித்தான், முந்திரியில் அப்படித்தான். சீனாக்காரனுக்கு மட்டும் பொடிசு உசத்தியாம். பெரிய உருண்டையில் முதிர்ந்த இலையும் தளர்வான சுருட்டலும் இருக்கும், பொடிசில்தான் கொழுந்து இருக்கும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் சாமர்த்தியமெல்லாம் மிளகோடு நின்றுவிட்டது.

டின்னுக்குள் ஒரு சின்னச் சீட்டும் இருந்தது. முழுக்கச் சீன எழுத்து. ஒரு கெண்டியின் படம், பக்கத்தில் 80 என்று ஒரு எண். எண்பது கிராம் என்கிறான் என்று முடிவு செய்து குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கை அரித்தது. மேனேஜர் இந்த டின்னைப் பற்றி ஒரு வாரமாகப் பெருமை பேசியிருந்தார். அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஒரு கைப்பிடி அள்ளினேன். போட்டுக்கொள்ள வேறொன்றும் கிடைக்கவில்லை. என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் கொட்டி மூடினேன். கண்ணாடியை அன்று சாயங்காலம் வரை மூக்கிலேயே வைத்திருந்தேன். பாய் தொழுகை முடித்து வந்ததும் பார்சலை ஒப்படைத்தேன். அவர் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

வீட்டுக்குப் போய் அந்தக் கைப்பிடியில் பாதியைப் போட்டு டீ வைத்தேன். எப்படி வைத்தேன் என்று கேட்க மாட்டீர்களா? பால், இஞ்சி, ஏலக்காய், சர்க்கரை எல்லாம் போட்டு மூன்று பொங்கு பொங்க விட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்டார். மிச்சப் பாதியை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பரணில் தள்ளி மறந்துவிட்டேன்.

முதல் ருசிப் பந்தி அடுத்த புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நடந்தது. பிரான்சிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்து வருபவர் ஒரு பெண்மணி. வருடத்தில் நாலைந்து தடவை நம் ஓட்டலுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் கொண்டுவருபவர். நாங்கள் அவரை மேடம் என்போம். நாக்கு ரொம்பப் பொல்லாதது. ரசத்தில் பூண்டு ஒரு பல் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த இடத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சமையல் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டவர். விருந்தாளிக்கு எது கொடுத்தாலும் சூடு பறக்கக் கொடுக்க வேண்டும், ஆறினதைக் கொடுத்தால் சீக்கிரம் கிளம்பு என்று சொன்ன மாதிரி என்பார். பெரிய மனுசருக்கு இன்னும் கூடுதலாகச் சூடு வேண்டும். ஒரு தடவை நான் ஆறின காபியைச் சம்பந்தி வீட்டாருக்கு நீட்டிவிட்டேன் என்று எல்லோர் எதிரிலும் என் கையிலிருந்து பிடுங்கிக் கொட்டினார். அதிலிருந்து என் கைக்கு அந்தப் பழக்கம் ஏறிவிட்டது.

அன்றைக்கு இரண்டு பீங்கான் கெண்டி வைத்திருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இறக்கி, அப்படியே கொண்டுபோய் உசத்தித் தேயிலைக்கு ஊற்றினேன். உசத்தி அல்லவா, சம்பந்தி வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைப்பதுபோல அதற்குத்தான் முதல் தண்ணீர். மூடி போட்டு, சூடு போகாமல் துணியும் சுற்றினேன். பிறகு தேன்குழலையும் சீடையையும் தட்டில் அடுக்கினேன். ஒருவர் ஒரு புகைப்படம் எடுத்துத் தரச் சொன்னார், எடுத்தேன். அப்புறம்தான் மிச்சத் தண்ணீரைச் சாதா ரகத்துக்கு ஊற்றினேன். அது சாதாதானே, கொஞ்சம் ஆறியிருந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

எல்லோரும் குடித்தார்கள். மேடம் முதல் கப்பை வாயில் வைத்தார், முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. இரண்டாவது கப்பைக் குடித்தார், முகம் நேரானது. இதில் எது உயர்ந்தது என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் மலர்ச்சியாக முதல் கப்பைக் காட்டினார். மேடம் கப்பைக் கீழே வைத்துவிட்டு, இது உயர்ந்த தேயிலை இல்லை, இதைவிட அந்தச் சாதா எவ்வளவோ மேல், உங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மற்ற பதினோரு பேரும் முதல் கப்பைத் தள்ளி வைத்தார்கள். எல்லோரும் தேன்குழலைப் பாராட்டினார்கள். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மேனேஜர் ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது. காலை எட்டு மணிக்கே எங்கள் எல்லோரையும் பேன்ட்ரிக்கு வரச் சொன்னார். தேயிலை அனுப்பியவர் அவருடைய நெருங்கிய நண்பர், ஏமாற்ற மாட்டார். அப்படியானால் டின்னில் இருந்த நல்ல தேயிலையை எடுத்துவிட்டு, சாதாவை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டோர் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு சிக்கந்தர் பாயைப் பார்த்தார்.

பாய் ஜித்தாவில் ஒரு ஓட்டல் ஸ்டோரில் பதினாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே பழகிய பழக்கத்தில் தினம் இரண்டு வேளை புதினா போட்ட பச்சைத் தேநீர் குடிப்பார். அதற்கான தூளைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். அதுவும் அன்றைக்கு அவருக்கு எதிராக நின்றது. டின்னைத் திறந்து, பாருங்க சார், உருண்டை அம்புட்டும் பொடிசு, பையில இருக்கிறது பெரிசு என்று அவர் காட்டினார். மேனேஜர் அசரவில்லை. சல்லடையில் சலித்தால் பையிலிருந்தே பொடிசைத் தனியாக எடுக்கலாமே என்றார்.  சந்தேகப்படும்போது மட்டும் அந்த மனிதருக்கு எப்படித்தான் மூளை வேலை செய்தது என்று தெரியவில்லை.

சாவியை மேஜையில் வைக்கச் சொன்னார். பாய் இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி வைத்தார். அவருடைய மகளுக்குத் திருப்பத்தூரில் சம்பந்தம் பேசி முடித்து, தேதி மட்டும் குறிக்க வேண்டியிருந்தது.  எங்கள் எல்லோருக்கும் தெரியும். காரைக்குடியில் காலையில் ஒருவருக்குத் திருடன் என்று பெயர் வந்தால், மத்தியானப் பஸ்ஸில் அது திருப்பத்தூர் போய் இறங்கிவிடும்.

 எனக்குப் பரணில் இருந்த டப்பா ஞாபகம் வந்தது. அதிலிருப்பது பாய் கைக்குப் போவதற்கு முன்னால் நான் அள்ளியது. அதுவும் டின்னில் இருப்பதும் ஒன்றாக இருந்தால், பாய் எதையும் மாற்றவில்லை என்று ஆகிவிடும். ஆனால் வேறு வேறாக இருந்துவிட்டால்? என் திருட்டே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். பாய் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசின் ஓரத்தில் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன், அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அரை மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பரணில் ஏறி டப்பாவை எடுத்தேன். என் வீட்டுக்காரர், மறுபடியுமா அந்தக் கசாயம் என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. திரும்பி வரும்போது மேனேஜர் அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லியிருந்தார். கிளம்பத் தயாராகி, வேனுக்காகக் காத்திருந்த மேடத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நண்பரிடம் புகார் செய்வதற்கு முன்னால் மேடம் இன்னொரு தடவை குடித்துச் சொல்ல வேண்டுமாம்.

டப்பாவை மேஜையில் வைத்தேன்.

“சார், திருடினது நான்தான். பார்சல் வந்த அன்னைக்கே ஒரு கைப்பிடி எடுத்தேன். பாய் வர்றதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. பாதியைக் குடிச்சிட்டேன், மீதி இதுல இருக்கு. இதையும் டின்ல இருக்கிறதையும் வச்சுப் பாருங்க.”

எதில் போட்டுக் கொண்டு போனேன் என்று மேனேஜர் கேட்டார். கண்ணாடிக் கூட்டில் என்றேன். பாத்திரம் கழுவும் பெண்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாய்கூட ஒரு கணம் சிரித்துவிட்டார். மேடத்துக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். திருடி என்று ஒத்துக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏதோ நாடகத்தில் நடித்து முடித்த மாதிரி கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் கொதித்து இறக்கி வைத்தாயிற்று. மூன்று கெண்டி வரிசையாக இருந்தன. ஒன்றில் டின் தேயிலை, ஒன்றில் என் டப்பாத் தேயிலை, ஒன்றில் சாதா. நான் ஊற்றப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். நிறுத்திவிட்டு நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒரு நிறுவனம் என்பது ஒரு குடும்பம் என்றார். சின்னத் திருட்டுதான் பெரிய திருட்டுக்கு வாசல் என்றார். தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கீழே கிடந்த பேனாவை எடுத்து ஆசிரியரிடம் கொடுத்த சம்பவத்தைச் சொன்னார். பேனாவின் நிறத்தையும் சொன்னார். நான் தண்ணீர் ஆறுகிறதே என்று தவித்தேன். ஆனால் இப்போதுதான் திருடி என்று ஒத்துக்கொண்டவள் நேர்மை உரைக்கு நடுவில் குறுக்கிடுவது எப்படி? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் முடித்து, இப்போது ஊற்றலாம் என்றபோது பாத்திரத்திலிருந்து ஆவிகூடச் சரியாக வரவில்லை.

வேறு வழியில்லாமல் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தோம். டின் தேயிலையும் என் டப்பாத் தேயிலையும் அழகாக விரிந்திருந்தன. ஒவ்வொரு உருண்டையும் முழுக் கொழுந்தாக, குருத்தோடு அவிழ்ந்து கிடந்தது. சாதாக் கெண்டியில் கிழிந்த இலையும் துண்டு துணுக்குமாக இருந்தது. கப்பில் ஊற்றினால் முதல் இரண்டும் வெளிறின இளம்பச்சை, மூன்றாவது பழுப்பேறின மஞ்சள். மேடம் மூன்றையும் குடித்தார். முதல் இரண்டும் ஒன்றே, இரண்டும் மிக நல்ல தேயிலை, மூன்றாவது சாதா என்றார். நானும் குடித்துப் பார்த்தேன். கசப்பே இல்லை. இளநீர் குடித்த பிறகு நாக்கில் நிற்குமே ஒரு இனிப்பு, அதுபோல ஏதோ ஒன்று நின்றது. புகை நெடி சாதாவில்தான் இருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாயைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் முடிந்தது, சாவியைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

மேனேஜர் சாவியைத் தொடவில்லை. நேற்று கெட்டதாக இருந்த தேயிலை இன்றைக்கு எப்படி நல்லதானது என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். நேற்றுக் குட்டு வெளிப்பட்டதும் பாய் பயந்துபோய், ராத்திரியோடு ராத்திரியாக நல்ல தேயிலையைக் கொண்டுவந்து டின்னில் திரும்பப் போட்டிருக்கிறார். சாவி அவரிடம்தானே இருந்தது? எடுத்தது குற்றம், திரும்ப வைத்தது அதற்கு அத்தாட்சி.

பாய் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பேசினார்.

“சார், நான் எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிருவேன். மீனாக்கா சொல்லலையா? இன்னமும் என்ன காமிச்சா நம்புவீக?”

 நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று நானும் யோசித்தேன். அதே தேயிலை, அதே கெண்டி, அதே தண்ணீர், அதே கை. தண்ணீர் என்று நினைத்ததும் குப்பையில் போட்ட சீட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. கெண்டிப் படம், பக்கத்தில் 80. அது கிராம் இல்லை, எண்பது டிகிரிச் சூடு. நேற்றைக்கு உசத்தித் தேயிலையைக் கொதிநீரில் வேகவைத்துக் கொன்றது நான். சாதா ரகம் தப்பித்தது, அதை நான் மதிக்காததால். இன்றைக்கு உசத்தி பிழைத்தது, மேனேஜர் பேனாக் கதை சொன்னதால்.

தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் வாய் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன் தம்பிகளா, அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இருபது வருடத்துக்கு மேல் பேன்ட்ரியில் நின்றவள், வருகிற போகிற பெண்களுக்கெல்லாம் டீ போடக் கற்றுக்கொடுத்தவள், மீனாளுக்குத் தேயிலையில் தண்ணீர் ஊற்றத் தெரியாதாம் என்று ஊர் சிரிக்குமே என்று தோன்றியது. இந்தத் தண்ணீரிலேயே ஏதோ கோளாறு என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். காரைக்குடித் தண்ணீரின் ருசியை வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுகிற அதே வாயால். நாக்கு கூசியது, விட்டுவிட்டேன். ஆனாலும் பேசவில்லை. பாய் சாவி வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர், பாயை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் எழுதக் காகிதம் கேட்டார். ஒருவர் போய் எடுத்தும் வந்துவிட்டார். அப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது.

“சார், நேத்துக் கசந்தது என்னாலதான். இந்தத் தேயிலைக்கு எம்புட்டுச் சூடு வைக்கணும்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன்.”

மேனேஜர் நம்பவில்லை. மறுபடி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, டின்னிலிருந்து எல்லோர் கண் முன்னாலும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டு, நேற்றுச் செய்தபடியே செய்தேன். மூடி, துணி எல்லாம் அப்படியே. மேடத்திடம் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்தார். முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது, நேற்றைப் போலவே, அதே பக்கம். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் அந்தக் கப்பை வாங்கித் தானும் குடித்தார்.  பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாவி வளையத்தை எடுத்துப் பாயின் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கையாலும் கொடுத்தார். பாய் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குப் பருப்பு அளக்க வேண்டும் என்று உள்ளே போனார்.

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. ஒரு கைப்பிடி தேயிலைக்காக. கொதிநீருக்கு மெமோ இல்லை, அதற்கு எந்த விதியிலும் இடமில்லையாம். மேடம் வேன் ஏறுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர் கொதித்து இறக்கிய பிறகு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மூடியைத் திறந்து வைத்துவிட்டு நிதானமாக ஒரு தட்டுத் தேன்குழல் அடுக்குகிற நேரம். அதற்குப் பிறகு அந்த ருசிப் பந்தியை நான்தான் நடத்தினேன், ஓய்வு பெறும் வரை. கொதிநீர் சாதாவுக்கு, ஆறப் பொறுத்த நீர் உசத்திக்கு. சாதாவைப் புதினாவும் சர்க்கரையும் போட்டுப் பாய் செய்கிறபடி கொதிக்க வைத்தால் அதற்கு ஈடு கிடையாது, உசத்தியை அப்படிச் செய்தால் பாழ். எது மேல் என்று கேட்பவர்களிடம், நீங்கள் அதை எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று சொல்வேன். வெள்ளைக்காரர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அப்படிப் பேசினால் பிடிக்கும்.

நீங்கள் திருட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதினேன் என்று உங்கள் மேனேஜர் நினைத்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் பாய் எனக்கும் ஒரு கிளாஸ் புதினாத் தேநீர் கொடுத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“மீனாக்கா, திருடினேன்னு மடமடன்னு சொன்னீக. தெரியாதுன்னு சொல்லத்தான் அம்புட்டு நேரம் எடுத்தீக. ஏன்க்கா?”

 கிளாஸ் காலியாகும் வரை குடித்துக்கொண்டே இருந்தேன். காலையில் அந்தக் கடிதக் காகிதம் வருகிற வரைக்கும் அவர் பேன்ட்ரியில் நின்றிருக்கிறார், தன் மகளை நினைத்துக்கொண்டு. அவ்வளவு நேரமும் தெரியாது என்ற அந்தப் பதில் என் வாய்க்குள்தான் இருந்தது.